பதில் சொல்லாதவர்களின் பேராசிரியர்

புள்ளியியல் பேராசிரியர் என்ற பிராணியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கவலையை விடுங்கள், என்னைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது என்று நானே ஆட்சேபிப்பேன். அது வேறு விஷயம்.

இந்தப் பிராணியிடம் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், சரியில்லை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்னும். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் ஆறுதல் சொன்னால், எத்தனை பேரைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று மடக்கும். மழை வருமா என்றால் குடையைத் தேடாமல் பேனாவைத் தேடும். கேட்டவர் நனைந்துகொண்டே போவார்.

என் ஆராய்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்புக்குப் போனால் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. அந்தக் காலி இடங்களை என்ன செய்வது? ஆள் முன்பு எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்து, அவர் சார்பில் பதிலை நாமே நிரப்பிவிடலாம் என்று ஒரு முறை கண்டுபிடித்தேன். அதை வைத்தே உதவிப் பேராசிரியராக இருந்தவன் இணைப் பேராசிரியராகி, பிறகு முழுப் பேராசிரியருமாகிவிட்டேன். என் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் என் மாணவர்கள். மிச்சம் நான்.

பதில் சொல்லாதவர்களைப் பற்றி இவ்வளவு எழுதியவன் வீட்டில் எப்படி?

"குழாய் ஒழுகுதே, ஆளுக்குச் சொன்னீங்களா?" என்பாள் மனைவி.

"ம்."

"இந்த 'ம்'முக்கு என்னங்க அர்த்தம்?"

"ம்."

கடைசியில் ரிப்பேர்காரரை அவளே கூப்பிட்டுக்கொண்டாள்.

போன மாதம் மகளிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி. "அப்பா, நான் எழுதின முதல் நாடகம், சனிக்கிழமை. முன் வரிசையில உங்களுக்கு ஒரு சீட் வைக்கட்டுமா?" உடனே "வருகிறேன்" என்று போட்டிருக்கலாம். ஆனால் வரமுடியாமல் போவதற்கும் ஒரு நிகழ்தகவு இருக்கிறதே! நிலவரம் தெளியட்டும் என்று தள்ளி வைத்தேன். அதோடு மறந்தேன்.

சனிக்கிழமை திடீரென்று ஞாபகம் வந்து, துறைக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு அரங்கத்துக்கு ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக. அரங்கம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில், என் மனைவிக்குப் பக்கத்தில், சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் குழாய் ரிப்பேர்காரர்.

வாசலில் நின்ற மகளிடம், "என் சீட் எங்கேம்மா?" என்றேன்.

"நீங்க பதில் போடலையேப்பா. அவரைக் கேட்டேன், உடனே வர்றேன்னு சொன்னார்."

"அதுக்காக?"

"என் ஸ்கூல் விழாவுக்கு வரலை. பட்டம் வாங்கினப்ப வரலை. அதை வச்சு நானே நிரப்பிட்டேன். உங்க முறைதானே."

"இப்ப வந்துட்டேனேம்மா."

"ஆமாம்ப்பா. ஒரே ஒரு தடவை. அதை வச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவோரம் நின்றபடியே நாடகம் முழுவதும் பார்த்தேன். அவள் கணக்கில் எங்காவது பிழை இருக்காதா என்று தேடினேன். இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் பேராசிரியர் இல்லையே, தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நீங்கள் போட்டு வைத்திருக்கும் கேள்வி ஒன்று இருக்குமே, அதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது என்றா நினைக்கிறீர்கள்? கேட்டவர் இந்நேரம் நிரப்பியிருப்பார்.