பெண் பார்க்கப் போன தங்கத் தகடு

பதற்றம் வந்தால் என் கை சும்மா இருக்காது. பஸ் டிக்கெட்டைச் சுருட்டும், சட்டைப் பொத்தானைத் திருகும், எதிரே இருப்பவரின் பேனாவை வாங்கிக் கழற்றும் (திரும்ப மாட்டத் தெரியாது). இப்படிப்பட்ட கையோடு ஒருவன், வளைத்தாலே கெட்டுப்போகும் பொருளில் ஆராய்ச்சி செய்யப் போயிருக்கக் கூடாது. போனேன்.

தங்கமும் செம்பும் கலந்த உலோகம் அது. சூடாக்கி வாரக்கணக்கில் மெதுவாக ஆறவிட்டால், உள்ளே இருக்கும் அணுக்கள் பந்தியில் இலை பார்த்து உட்காருவதுபோல அவரவர் இடத்தில் வரிசையாக அமர்ந்துவிடும். ஆறிய பிறகு அடித்தாலோ வளைத்தாலோ பந்தியில் மாடு புகுந்த கதைதான். தங்கத்தின் இலையில் செம்பு, செம்பின் இலையில் தங்கம். எவ்வளவு அடித்தால் எவ்வளவு கலையும் என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதற்கு முதலில், கலையாத தகடு ஒன்றை எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரம் உலையோடு குடித்தனம் நடத்தி, விரல் நீளத்துக்கு மெல்லிய தகடு ஒன்றைத் தயார் செய்தேன். இரண்டு மாதம் காத்திருந்த பிறகு, சென்னையில் ஓர் ஆய்வகத்தின் எக்ஸ்ரே இயந்திரம் ஒரு திங்கட்கிழமை காலை எனக்கு ஒதுக்கப்பட்டது. அதைக் கோட்டைவிட்டால் முனைவர் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். பட்டம் தள்ளிப்போவதைவிட அம்மாவுக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டே ஆகவேண்டும்.

அதே அம்மாதான் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் விழுப்புரம் வீட்டில் என்னை மடக்கினார். “மெட்ராஸுக்குத் திண்டிவனம் வழியாதான போற. ஒரு எட்டு பொண்ணப் பாத்துட்டுப் போயிடு.”

தகட்டைப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு, டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அப்பா அம்மாவோடு திண்டிவனத்தில் இறங்கினேன்.

பெண்ணின் பெரியப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன படிக்கிறேன் என்று மரியாதைக்குக் கேட்டார். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நான் டப்பாவையே திறந்து தகட்டை வெளியே எடுத்தேன். எடையில் பாதி பவுன் என்றதும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. பெரியப்பா ஆசையாகக் கை நீட்டினார். நான் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“தொடாதீங்க. லேசா வளைஞ்சாலே மூணு வார உழைப்பு போச்சு.”

பெண் வீட்டுப் பெரியவரைத் தொடாதே என்று சொன்ன மகனை அம்மா பார்த்த பார்வையில் தகடே உருகியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து செல்வி காபித் தட்டோடு வந்தாள். அங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மற்றவர்கள் வறுத்த மல்லாட்டையைத் தோலுரித்துக் கொறித்தபடி உறவுமுறை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தகடும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அவளைப் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன், மறுபடி அவளைப் பார்த்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். செல்விதான் முதலில் பேசினாள்.

“அது வளையக் கூடாதுன்னு சொன்னீங்களே, உள்ள கேட்டுச்சு.”

“ஆமாங்க” என்றேன் பெருமையாக.

“அப்புறம் ஏன் வளைச்சிக்கினே இருக்கீங்க?”

குனிந்து பார்த்தேன். தகடு கொசுவம் வைத்த புடவை மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. பதறிப்போய் நிமிர்த்தப் பார்த்தேன். நிமிர்த்துவதும் வளைப்பதுதான் என்று பாடமே எடுக்கக்கூடியவன் நான். அந்த நேரத்தில் அது கைக்குத் தெரியவில்லை. வளைக்க வளைக்க இறுகுவது அந்த உலோகத்தின் குணம், அதனால் நிமிரவும் மறுத்துவிட்டது.

பெரியப்பாவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. “குடுங்க தம்பி, சுத்தி இருக்குது. நாலு தட்டு தட்டி நிமித்திடலாம்.”

எனக்கு அழுகை வந்தது. கேசரியை வாயில் அடைத்துக்கொண்டு சமாளித்தேன்.

மறுநாள் எக்ஸ்ரேயில், வரிசையைக் காட்ட வேண்டிய கோடுகள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியாமல் மங்கிக் கிடந்தன. என் பேராசிரியர் போனில், சுத்தியால் அடித்தாயா என்று கேட்டார். “இல்ல சார், பொண்ணு பாத்தேன்” என்றேன். பிறகு, மறுபடி மூன்று வாரம் உலையில் வை, வரிசை திரும்பி வந்துவிடும் என்றார். வரிசை வந்தது. இயந்திரம் கிடைக்கத்தான் மாதக்கணக்காகி, பட்டம் அடுத்த வருஷத்துக்குப் போனது.

இடையில் திண்டிவனத்திலிருந்து சம்மதம் வந்துவிட்டது. எங்கள் யாராலும் நம்ப முடியவில்லை. செல்வி பிறகு காரணம் சொன்னாள். “பாக்க வந்தவங்க எல்லாரும் என்னத்தான் பயமுறுத்துனாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னப் பாத்துப் பயந்தீங்க.”

பத்திரிகையில் ‘டாக்டர்’ இல்லை. அம்மா அதைப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். முகூர்த்தத்தில் தாலியைப் பெரியப்பா தன் கையிலேயே பிடித்திருந்தார். கெட்டிமேளம் கொட்டிய பிறகுதான் என்னிடம் கொடுத்தார். “ஜல்தி கட்டுங்க மாப்ள. அதுவும் பவுனும் செம்பும்தான்.”

இன்றைக்கும் திண்டிவனத்து வீட்டு விசேஷங்களில் பாயசம் வந்தால் எல்லோருக்கும் ஸ்பூன் வரும், எனக்கு மட்டும் டம்ளரில் வரும். போன பொங்கலுக்கு என் மகள் தன் ஸ்பூனை எனக்கு நீட்டினாள். செல்வி அதைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டாள்.

“வேணாம்டி. அப்பா ஆராய்ச்சி பண்ணிடுவாரு.”