சிவப்புக் காய்க்குச் சாட்சி

பென்டிரைவுக்குள் போன ஃபோல்டரைத் திறந்து பார்த்தார் ஓஸ்வால்ட். உள்ளே ஒன்றுமில்லை. பெயர் நீளம் அதிகம், காப்பி செய்ய முடியாது என்று கம்ப்யூட்டர் ஒரு வரி சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

"திருட்டு மெஷின்," என்றார்.

மத்தியானம் மச்சான் ரெமிஜியஸ் சாப்பிட வருகிறான். மனைவி நோராவின் தம்பி. சில வருஷத்துக்கு முன் ஆஸ்டின் டவுன் சர்ச் ஹாலில் நடந்த கேரம் பைனலில், இவரை ஜெயிப்பதற்காகச் சிவப்புக் காயை அவன் கட்டைவிரலால் திருட்டுத்தனமாகத் தள்ளிய வீடியோ ஓஸ்வால்டிடம் இருந்தது. சாப்பாடு முடிந்ததும் டிவியில் போட்டுக் காட்டி, கோப்பையைத் திருப்பி வாங்கவேண்டும். வீடியோ எடுத்தவனின் போனிலிருந்து அன்றைக்கே அழிக்கவைத்துவிட்டார். உலகத்திலேயே இது ஒன்றுதான்.

ஒன்றே ஒன்று என்றால் யாரை நம்புவது? 'வீட்டு வரி ரசீது யாரும் திறக்க வேண்டாம்' என்ற ஃபோல்டருக்குள் வைத்தார். சந்தேகம் வரும்போதெல்லாம் அதைத் தூக்கி இன்னொன்றுக்குள் போட்டார். 'கேஸ் சிலிண்டர் பழைய புத்தகம்.' அதற்கும் வெளியே, 'இதைத் தொடுகிறவன் நல்ல குடும்பத்தில் பிறந்தவன் இல்லை.' இப்படியே பத்துப் பன்னிரண்டு.

காப்பி ஆகாத கோபத்தில் எல்லாவற்றையும் சேர்த்து, 'பென்டிரைவுக்குப் போகவேண்டியது மிகவும் அவசரம்' என்று புதிதாக ஒன்றுக்குள் தள்ளினார். இப்போது வீடியோ ஓடவும் மறுத்தது.

வேறு வழியில்லாமல் மாடியில் குடியிருக்கும் கிரணைக் கூப்பிட்டார். சாப்ட்வேர் கம்பெனிக்காரன். நம்பலாமா என்றால் நம்பக்கூடாதுதான்.

கிரண் ஒவ்வொன்றாக உள்ளே போனான். போய்க்கொண்டே இருந்தான்.

"வெளியேயிருந்து வீடியோ வரைக்கும் எல்லாப் பேரையும் சேத்துக் கணக்குப் பண்ணும் அங்கிள். ஜாஸ்தி ஆயிடுச்சு. ஒரொரு எழுத்தா வெச்சுடுங்க."

"அப்புறம் எவன் வேணா திறப்பானே."

"திறக்கத்தானே அங்கிள் கேக்கறீங்க?"

அவனைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஓஸ்வால்ட் ஒற்றை விரலால் பெயர்களை வெட்டினார். அ. ஆ. இ. வீடியோ ஓடியது. கட்டைவிரல் பளிச்சென்று தெரிந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அந்த நேரம் பார்த்து நோரா வந்து, மாடிப் பையனுக்குக் காப்பி போடப் பால் இல்லை என்றாள்.

ஓஸ்வால்ட் இன்னும் காலியாகவே இருந்த பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ இங்கயே நில்லு நோரா. இவன் கை வைக்காம பாத்துக்க. உன்னைத் தவிர எனக்கு யாரு?"

பால் பாக்கெட்டோடு திரும்பினார். அ இருந்தது. ஆ இருந்தது. கடைசி ஃபோல்டரில் வீடியோ இல்லை. கம்ப்யூட்டரின் குப்பைக்கூடையும் காலி.

கிரணைப் பார்த்தார். கிரண் ஃபேனைப் பார்த்தான்.

நோரா பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

"அவனை ஏன் முறைக்கறீங்க? நானும் வருஷக்கணக்கா அழிக்கப் பாக்கறேன், பேரு நீளம் முடியாதுன்னே சொல்லிட்டிருந்துச்சு. நல்லவேளை, இன்னைக்கு நீங்களே குறைச்சுக் குடுத்தீங்க."