கல்லாற்றில் ஒரு சிவப்பு ஊசி

குண்டூசிக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் சந்தித்திருப்பீர்கள். கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள், ஆனால் எந்தக் கடை எங்கே என்பது விரல் நுனியில் இருக்கும். சுவரில் மாவட்டப் படம், மேசையில் கலர் குண்டூசிப் பெட்டி, வாயில் ‘லொகேஷன் டேட்டா’. வியாபாரம் செய்ய வேறென்ன வேண்டும்?

கரமனையில் பப்படக் கம்பெனி வைத்திருந்த ராமசுப்ரமணியன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். தொண்ணூற்றெட்டில் எர்ணாகுளம் கருத்தரங்கு ஒன்றில் அரைநாள் உட்கார்ந்துவிட்டு வந்தவர், போட்டிக் கம்பெனி வேன் எந்த முக்கில் எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று வழியெல்லாம் உள்ள டீக்கடைக்காரர்களிடம் போனில் கேட்டுக் கேட்டு, நின்ற இடத்திலெல்லாம் சிவப்பு ஊசி குத்தி, அதிக நேரம் நின்ற இடமே பெரிய சந்தை என்று முடிவு கட்டினார். நகரத்துப் பெரிய கடைவீதியான பழவங்காடியில் வேன் பத்து நிமிஷம் நின்றது. மலையடிவாரத்துக் கல்லாற்றில் ஒரு மணி நேரம்!

அந்த ஓணத்துக்குப் பதினோரு பெண்கள் இடுப்பொடிய இட்ட பப்படம் முழுவதும் கல்லாற்றுக்கு என்று உத்தரவானது. ஓணம் கைவிட்டால் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான்; இது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

டிரைவர் ராஜையன் தலையைச் சொறிந்தார். “சாரே, அங்க நாலு கடையாக்கும் உள்ளது. அந்த வேன்காரன் ஆத்துல குளிக்கதுக்காக்கும் வண்டிய நிறுத்துகான். துண்டு காயப் போட்டிருந்தத நான் கண்டேன்.”

“ஒன் கண்ணை நம்பறதா, டேட்டாவை நம்பறதா? வண்டியை எடு!”

எடுத்தார். கல்லாற்றில் மழை. நாலு கடைக்காரர்களும் ஆளுக்கு இரண்டு கட்டு வாங்கினார்கள்; மிச்சம் ஈரக்காற்றில் சவசவத்துத் திரும்பி வந்தது. அதற்குள் பழவங்காடிக் கடைகளில், வருஷா வருஷம் இவர் சரக்கு இருந்த இடத்தில் போட்டிக்காரரின் பப்படம் ஏறிவிட்டது.

ஓணம் கழிந்த மறுநாள், பப்படம் இடுகிறவர்களில் மூத்தவளான பொன்செல்வி வாசலில் வந்து நின்றாள்.

“சாரே, இனி நாங்க வரண்டாமா?”

ராமசுப்ரமணியன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கல்லாத்துல பப்படம் சாப்பிடற பழக்கம் இன்னும் வளரலையாக்கும்” என்றார். பாவம், பதினோரு குடும்பத்துக்குப் பதில் கேட்டு வந்தவள் அவள். கதை சிரிப்புக் கதைதான். அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு வருகிறதா? வரட்டும். போன வாரம் தெரியாத ஊரில் பசியோடு இறங்கி, வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும் ஓட்டலாகப் பார்த்து, இங்கேதான் சாப்பாடு பிரமாதமாக இருக்கும் என்று நுழைந்தீர்களே, பக்கத்தில் பஞ்சர் கடை இருந்ததைக் கவனித்தீர்களா?