கொசுறுக்குப் போன எட்டுப் பைசா

பழவேற்காடு
14.9.1986

அன்புள்ள தம்பி முகம்மது இஸ்மாயிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா அக்தர் பேகம் எழுதுவது. இங்கே உன் மச்சானும் மகள் கரீமாவும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். ஏரியும் நலம், இந்த வாரம் வலையில் எறா நன்றாகப் படுகிறது. உன் வீட்டிலும் எறாவைத் தவிர மற்றதெல்லாம் இப்படியே என்று நம்புகிறேன்.

இத்துடன் என் ஸ்டிக்கர் பொட்டு வியாபாரத்தின் கணக்கு நான்கு பக்கம் இருக்கிறது. கம்பெனிக் கணக்கையே சரிபார்க்கிற நீ, இதையும் பார்த்து, இலாபம் உண்டு என்று கீழே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நான் பொட்டு வெட்டுகிற முன்னறையில் ஐப்பசி மழைக்கு முன் காய்ந்த எறா மூட்டைகளை அடுக்க வேண்டும் என்கிறார் உன் மச்சான். "இலாபம்னு உன் தம்பி கையெழுத்துப் போட்டா ரூம் உனக்கு. இல்லேன்னா எறாவுக்கு" என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த முதல் அறை அது. பொட்டு வெட்டாத நேரத்திலும் சும்மா போய் உட்காருகிறேன். இதை அவரிடம் சொல்லாதே.

"நெத்தியில வெக்காத ஊட்ல பொட்டு வியாபாரம் இன்னாத்துக்கு?" என்று முதலில் கேட்டார். எறா தின்றால் உங்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது, அதை விற்றுத்தானே சாப்பிடுகிறோம் என்றேன்.

கணக்கைக் கேள். கோந்து தடவிய வெல்வெட் தாள் ஒன்று பன்னிரண்டு ரூபாய். முந்நூறு பொட்டு விழுகிறது. பொட்டு நாலு பைசா. ஒரு அட்டைக்குப் பத்துப் பொட்டு நாற்பது, அட்டையும் உறையும் எட்டு, தாள் வாங்க மெட்ராஸ் போய்வரும் பஸ் செலவில் பங்கு இரண்டு, நீ கண்டித்துச் சொன்னபடி என் கூலி ஐந்து (எழுதும்போது கூச்சமாகத்தான் இருந்தது), ஆக ஐம்பத்தைந்து. விலை முக்கால் ரூபாய். தோணிரேவு முத்தம்மாள் மீன்கூடையோடு பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்றுத்தருவதற்கு அட்டைக்குப் பதினைந்து. மிச்சம் ஐந்து பைசா சுத்த இலாபம். அன்று சந்தோஷத்தில் பாயசம் வைத்தேன். அது எந்தக் கணக்கிலும் இல்லை.

பத்து நாள் கழித்து முத்தம்மாள் வந்து பணத்தோடு பல் விழுந்த வாய்போல ஏழெட்டு அட்டைகளையும் வைத்தாள். ஒன்றில் எட்டு, ஒன்றில் ஆறு, ஒன்றில் நடுவில் ரெண்டே ரெண்டு. என்ன முத்தம்மா இது என்றால், "கொசுறும்மா" என்கிறாள். பொட்டுக்கு ஏது கொசுறு, அட்டையிலேயே விலை போட்டிருக்கிறதே என்றேன். "அது வெலம்மா. கொசுறு வேற. மீனு வாங்கறவ கைநெறைய கொசுறு இல்லாம நவுருவாளா? அதே கூடை, அதே கைதான. பொட்டுக்கு மட்டும் இன்னா சும்மா பூடுவாளா? நீ காலேஜு படிச்சவ, உனுக்குத் தெரியாதா?" காலேஜில் மூன்று வருஷம் பொருளாதாரம் படித்தேன் தம்பி, கொசுறு என்று ஒரு பாடம் வைக்கவில்லை. அட்டைக்கு ரெண்டு பொட்டு கொசுறு என்றால் எட்டுப் பைசா போச்சு. ஐந்து இலாபம் மூன்று நஷ்டமாகிவிட்டது. உன் மச்சான் அன்றே அறையை முழம் போட்டு அளந்து, எத்தனை மூட்டை பிடிக்கும் என்று பார்த்தார்.

ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குப்பையைக் கொட்டப் போனபோதுதான் பார்த்தேன், பொட்டு வெட்டிய தாளில் வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே வெல்வெட் வீணாகக் கிடக்கிறது. பொன்னேரி ஸ்டேஷன் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் இருப்பதிலேயே சின்னப் பஞ்ச் ஒன்று வாங்கி அதில் மிளகு அளவுக்கு வெட்டினேன். தாள் செலவில்லை. ஒரு டப்பா நிறைய முத்தம்மாளிடம் கொடுத்து, கொசுறுக்கு இதைக் கொடு, அட்டையைத் தொடாதே என்றேன். எட்டுப் பைசா மிச்சம், ஐந்து பைசா இலாபம் உயிரோடு திரும்பி வந்துவிட்டது. இப்போது நீ கையெழுத்துப் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

உன் மனைவிக்கு என் சலாம். பிள்ளைகள் நன்றாகப் படிக்க என் துஆ. உன் மூட்டு வலிக்குத் தைலம் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
அக்தர் பேகம்

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது முத்தம்மாள் வந்தாள். டப்பா காலி, அட்டைகள் அப்படியே இருக்கின்றன. "காலேஜு பொண்ணுங்க மெளகுப் பொட்டுதான் வோணும்றாளுங்கம்மா. பத்துக்கு முக்கால் ரூபா குடுத்துட்டாளுங்க. பெரிசுல ரெண்டு கொசுறு கேட்டாளுங்க, அட்டையத் தொடாதேன்னியே, தர்ல. நாளைக்கு எடுத்தாறேன்னு சொல்லிக்கீறேன்" என்கிறாள். பெரியதை வெட்டினால்தானே நடுவில் சின்னது கிடைக்கும், இதில் எது சரக்கு, எது கொசுறு என்று அரை மணி நேரமாக யோசிக்கிறேன். உன் மச்சான் வாசலில் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆகவே அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப் போடு. ஒரு வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு. மேலே நான் எழுதிக்கொள்கிறேன்.