எடை அளவுத் துறையில் ஓர் ஆரஞ்சுப் பந்து

கடைக்காரர்களின் தராசு பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் எடை அளவுத் துறையின் வேலை. ஐந்து கிராம் குறைந்தாலும் அபராதம். இப்படி வாரமெல்லாம் உண்மைக்காக உழைக்கும் துறையினர் விடுமுறை நாள் காலையில் கோல்ஃப் ஆடப் போவார்கள். யாருக்கும் ஆட வராது. ஆனால் இயக்குநர் ஆடுகிறார். இயக்குநர் ஆடும்போது மற்றவர்கள் வீட்டில் படுத்துக் கிடப்பது துறையின் கண்ணியத்துக்குப் பொருந்துமா?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்துத் தூரத்திலிருக்கும் குழியில் போட வேண்டும். குறைந்த அடிகளில் போட்டவர் ஜெயித்தவர். எப்போதும் ஜெயிப்பவர் இயக்குநர்தான். அதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. அவர் அடித்த பந்து புதரிலோ குளத்திலோ போய் விழும். "எங்க விழுந்துச்சுன்னே தெரியலையே!" என்று எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் தேடப் போவார்கள். கணக்கர் மட்டும் குழிக்குப் பக்கத்தில் தேடுவார். அவருடைய பாண்ட் பையின் அடித்தையலை வேண்டுமென்றே பிரித்து வைத்திருந்தார். உள்ளே போட்ட பந்து கால் வழியாக இறங்கிப் புல்லில் போய் உட்காரும்.

"சார், இங்க இருக்கு சார்! என்ன அடி சார்!"

"நானே எதிர்பாக்கல," என்பார் எதிர்பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர்.

இந்த நிலையில் துணை இயக்குநர் பதவி காலியாயிற்று. பதவியோடு ஒரு வீடும் உண்டு. கண்காணிப்பாளர் அந்த வீட்டுக்காகத் தவியாய்த் தவித்தார். அவர் குடியிருந்த வீட்டில் குளியலறைக் கதவைத் திறக்க வேண்டுமானால் சமையலறையில் இருப்பவர் வெளியே வர வேண்டும். மழை பெய்தால் கட்டிலை இழுத்துப் போட இடம் கிடையாது. பதவிக்குப் போட்டி கணக்கர். அவரிடம் பாண்ட் இருந்தது. கண்காணிப்பாளருக்கோ கண்பார்வை மந்தம். இயக்குநரின் பந்து கிடக்கட்டும், சொந்தப் பந்தே அவர் கண்ணில் படாது.

அவர் மனைவி ஒரு நாள் சின்னப் பொட்டலத்தோடு வந்தார்.

"ஏங்க, கடையில கலர் பந்து வந்திருக்கு. ஆரஞ்சு. புல்லுல கிடந்தா பளிச்சுனு தெரியுமாம்."

"எங்க துறையில யாரும் கலர் பந்து வச்சு ஆடினதில்லையே?"

"உங்க பந்து எங்க போகுதுன்னு உங்களுக்காவது தெரிய வேண்டாமா?"

அடுத்த வாரம், தான் அடித்த பந்து வானத்தில் போவதைக் கண்காணிப்பாளர் முதல் தடவையாகப் பார்த்தார். அது வேலிக்கு வெளியேதான் போய் விழுந்தது. இருந்தாலும் விழுந்த இடம் தெரிந்ததே! வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னய்யா அது?" என்றார் இயக்குநர்.

"கலர் பந்து சார். இப்ப எல்லாரும் இதுலதான் ஆடறாங்களாம்."

'எல்லாரும்' என்றால் இயக்குநருக்கு இருப்புக்கொள்ளாது. அடுத்த வாரமே சிவப்புப் பந்து, அதே சிவப்பில் தொப்பி, காலுறை என்று வந்து இறங்கினார். பிறகு கேட்க வேண்டுமா? மஞ்சள், நீலம், ரோஜா நிறம் என்று மைதானத்தில் மிட்டாய் கொட்டினது போல் ஆகிவிட்டது.

இயக்குநர் அடித்தார். சிவப்புப் பந்து அத்தனை பேர் பார்க்க எழும்பி, அத்தனை பேர் பார்க்கக் குளத்தில் விழுந்தது. தெரியலையே என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. பழக்க தோஷத்தில் கணக்கர் மட்டும் குழிப் பக்கம் ஓடினார்.

"சார், இங்க இருக்கு சார்!"

"என் பந்து சிவப்புய்யா," என்றார் இயக்குநர்.

கணக்கரின் காலடியில் வெள்ளைப் பந்து கிடந்தது.

அன்று இயக்குநர் கடைசி இடத்துக்கு வந்தார். துறை வரலாற்றில் முதன்முறையாக ஓர் அளவு சரியாக இருந்தது. துறையே கலங்கிப்போயிற்று.

"இந்தக் கலர் யோசனை உங்களோடதுதானே?" என்று கண்காணிப்பாளரைக் கேட்டார் இயக்குநர். "பதவி விஷயம் அப்புறம் பாக்கலாம்."

உடனே ஒரு குழு அமைக்கப்பட்டு, பொருளை எல்லாக் கோணங்களிலும் ஆராய்ந்து சுற்றறிக்கை விட்டது. பந்துகளின் நிறத்தில் நிலவும் ஒழுங்கின்மையைக் கருத்தில் கொண்டு, எழுத்தர்களுக்கு வெள்ளை, கணக்கருக்கு ரோஜா நிறம், ஆரம்பித்து வைத்த குற்றத்துக்காகக் கண்காணிப்பாளர் ஒருவருக்கு மட்டும் ஆரஞ்சு. புல்லின் நிறமாகிய பச்சை, தலைமையின் மாண்பு கருதி இயக்குநருக்கே ஒதுக்கப்படுகிறது.

புல்லில் கிடக்கும் பச்சைப் பந்தை யார் கண்டார்கள்? கணக்கர் பையில் பச்சையை நிரப்பிக்கொண்டார். இயக்குநர் பழையபடி ஜெயித்தார்.

பிறகு குடும்பங்களோடு ஒரு போட்டி வைத்தார்கள். பதவியை அன்றைக்கே அறிவிப்பதாகப் பேச்சு. மனைவிமார் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் அடித்த பந்து புதருக்குள் போயிற்று. அடுத்தது கண்காணிப்பாளர். அடக்கமாகக் குளத்தில் போட்டுவிடுவது என்றுதான் மட்டையை ஓங்கினார். ஆனால் பளிச்சென்று இருந்த பந்தை விட்டுக் கண் நகரவில்லை, அடி நறுக்கென்று விழுந்தது. பந்து உயர்ந்து, வளைந்து, தரையில் ஒரு குதி குதித்துக் குழிக்குள் இறங்கியது. ஒரே அடி! கண்காணிப்பாளருக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அவர் மனைவி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

வேறு யாரும் அசையவில்லை. இயக்குநர் குழி வரைக்கும் நடந்து போய்க் குனிந்து பந்தை எடுத்தார்.

"இது யாரோட பந்து?"

துறையிலேயே இருப்பது ஒரே ஒரு ஆரஞ்சுப் பந்து. கண்காணிப்பாளர் வீட்டை நினைத்தார்.

"தெரியலீங்க சார். என்னோடது குளத்துல விழுந்துடுச்சு."

கணக்கர் விடுவாரா? "அப்ப உங்களோடதுதான் சார்! புதர்ல பட்டுத் திரும்பி வந்திருக்கு."

"என்னோடது பச்சையாச்சே?"

"வெயில்ல பச்சை கொஞ்சம் ஆரஞ்சடிக்கும் சார்."

அளவைத் துறைத் தலைவருக்கே உரிய கவனத்தோடு இயக்குநர் பந்தை வெயிலில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஆமா, அடிக்குது," என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். கண்காணிப்பாளரும் தட்டினார். இயக்குநர் நிழல் பக்கம் திரும்பி, நின்றுகொண்டிருந்த கண்காணிப்பாளர் மனைவியைப் பார்த்தார்.

"என்னம்மா, அங்கேருந்து தெரிஞ்சுதா?"

மனைவி கணவன் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் கெஞ்சியது.

"நல்லா தெரிஞ்சுது சார். உங்க பந்து நேரா வந்து விழுந்ததைக் கண்ணால பாத்தேன்."

இயக்குநர் மகிழ்ந்துபோனார். "துணை இயக்குநர்னா பார்வை சரியா இருக்கணும். உங்க குடும்பத்துக்கே நல்ல பார்வை!" என்று அந்த இடத்திலேயே பதவியை அறிவித்துவிட்டு, பந்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அவர் பைக்கு அடித்தையல் பலமாக இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் மனைவி புது வீட்டுக்கு வாங்க வேண்டிய திரைச்சீலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டுக் காதருகே குனிந்தார்.

"ஏங்க, அடிச்சப்ப கையில எப்படி இருந்துச்சு?"

கண்காணிப்பாளர் முன் இருக்கையையும் பின் இருக்கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அதை டைரக்டரைத்தான் கேக்கணும்," என்றார்.