நான் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்த வெள்ளிக்கிழமை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, கொழுந்தனார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. (நான்தான் அதை விட்டேன் என்பதே சரி.) ஆனால் என் வீடு மாதிரி சுத்தமான வீடு திருத்தணியில் இன்னொன்று இருந்தால் காட்டுங்கள். வீட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவளுக்கு எதையும் சுத்தம் செய்யத் தெரியும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பிள்ளை முரளி மலையடிவாரத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தான். மலைமேல் மொட்டை போட்ட குழந்தைகளை, தலையில் சந்தனம் காய்வதற்குள் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் படம் எடுப்பதுதான் பிழைப்பு. பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்ததும், சென்னையில் யாரோ தலைமுழுகிய பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் ரசம் தாளித்து இறக்கி வருவேன். அதற்குள் அது குழந்தையின் நெற்றிவரை காட்டியிருக்கும்.

"மெமரி ரொம்பிப் போச்சும்மா. எடமே இல்ல."

"எடம் இல்லன்னா வேண்டாதத எடுத்துப் போடு. இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சுகினு கீற?"

பேசியவள் தலையிலேயே வேலை விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவன் அரக்கோணத்துக் கல்யாணத்துக்குப் படமெடுக்கக் கிளம்பினான். "ஒரே மாதிரி ரெண்டு மூணு இருந்தா நல்லதா ஒன்ன வெச்சுகினு மீதிய எடுத்துடும்மா. மத்தது எதையும் தொடாத" என்றான். மருமகள் சுமதி, அழிக்கும் பட்டன்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். "இத அழுத்துங்க அத்தே. அப்பறம் இந்தப் பெரிய பட்டன். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போனாள்.

உட்கார்ந்தேன். படங்கள் தபால்தலை அளவில் வரிசையாக வந்தன. கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. (கண்ணாடி கிழவிகளுக்கு.) எல்லாவற்றிலும் அதே நீலத் திரை, அதே வெள்ளை வேட்டி, மடியில் சந்தனம் பூசிய அதே உருண்டைத் தலை, அதே திறந்த வாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே பிள்ளையை இத்தனை தடவையா எடுப்பான்? ஒன்றிலாவது அழாமல் எடுக்கத் தெரிந்ததா? சிரித்த முகமாக ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டுப் பொட்டின்மேல் விரலை வைத்தேன். வைத்த விரலை எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

முடித்துப் பார்த்தால், திரை மூலையில் குப்பைத் தொட்டிப் படம் நிரம்பி வழிந்தது. வீட்டில் குப்பையை வைத்துக்கொண்டு நான் விளக்கேற்றுவதில்லை. அதுவும் வெள்ளிக்கிழமை. சுமதி அதைக் காலி செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி காலி செய்தேன். பிறகுதான் தீப்பெட்டியைத் தொட்டேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மறுநாள் காலை கம்ப்யூட்டர் பறந்தது. முரளி வாயைப் பிளந்தான். கொஞ்ச நேரத்தில் வேறு காரணத்துக்காகப் பிளந்தான்.

"எம்மா, மொட்டை போட்டோங்க எங்க?"

"ஒன்னு வெச்சிருக்கேனே."

"ஒவ்வொன்னும் ஒவ்வொரு புள்ளம்மா!" பிறகு அவனே மூச்சு விட்டுக்கொண்டான். "பரவால்ல. குப்பைத் தொட்டியில இருக்கும், எடுத்துக்கலாம்."

"அதுல எப்படி இருக்கும்? வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடியே கொட்டிட்டேன்" என்றேன், பெருமையாக.

மற்ற படங்கள் எல்லாம் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாகிவிட்டவை. ஒரே ஒரு குழந்தையின் படம் மட்டும் பாக்கி. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் அம்மா சரளாவும் அவள் மாமனாரான பெரியவரும் பள்ளிப்பட்டிலிருந்து வந்து வாசலில் நின்றார்கள். அவள் புருஷன் குவைத்தில் இருந்தான். ஊர்க்காரர் ஒருவர் அன்று சாயங்காலம் அங்கே கிளம்புகிறார். அவர் கையில் படம் போக வேண்டும்.

முரளி உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டு, பிழைத்திருந்த அந்த ஒற்றைப் படத்தைக் காட்டினேன்.

"தோ பாருங்க உங்க கொழந்தய. எப்படிச் சிரிக்குது."

பெரியவர் குனிந்து பார்த்தார். "அப்படியே எங்க நைனா ஜாடை."

சரளா பார்த்தாள். "மாமா, இது ஆம்பளப் புள்ள."

(துணி இல்லாமல் எடுத்திருந்தான். அதையாவது நான் கவனித்திருக்கலாம்.)

திட்டுவாள் என்று இடுப்பில் கை வைத்துத் தயாரானேன். அவள் திட்டவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "பொறந்ததுலேர்ந்து அவரு புள்ளயப் பாக்கல. மொட்டை போட்டோ வருதுன்னு ரூம்ல எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு." நான் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்து, அதன் தலையைத் தடவிப் பார்த்தேன்.

கடைசியில் நானே சொன்னேன். "முடி இப்பதான் மொளைக்க ஆரம்பிச்சிருக்கு, எள்ளு தூவுன மாதிரி இருக்கு. இன்னொரு வாட்டி வழிச்சிடலாம். வேண்டுதல் சாமிக்கு முடிஞ்சுது; இது போட்டோவுக்கு."

"மாமன் மடி இல்லாம கத்தி வெக்க வுடமாட்டேன்" என்றார் பெரியவர். சரளாவின் அண்ணன் லாரியோடு நாக்பூர் பக்கம் போயிருந்தான். பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு முரளியைப் பார்த்தார். "கெடுத்தது எந்த வூடோ, அந்த வூட்டு மடியே ஆவட்டும். நீ உக்காரு நைனா."

முரளி உட்கார்ந்தான். நாவிதர் வந்து வழித்தார், நான் சந்தனம் பூசினேன். குழந்தை அவன் வேட்டியை நனைத்தது. கேமராவில் அவன் சொன்ன இடத்தை நான்தான் அழுத்தினேன். (அழிக்க மட்டும்தான் தெரியும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.) படம் குவைத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அத்தோடு போயிற்று என்று நினைத்தோம். மறு வருஷம் காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கோடு பெரியவர் வந்து நின்றார். "மடி குடுத்தவன் மாமன்தான? சீர் எடுத்துகினு வந்துடு." அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் லாரிக்காரர் ஒரு தட்டு, முரளி ஒரு தட்டு. எங்கள் வீட்டில் யாராவது புதுப் புடவை கேட்டால், "அம்மா ஒரு வாட்டி எடம் காலி பண்ணாங்க, அந்த எடத்துல ஒரு தங்கச்சி குடும்பமே வந்து உக்காந்துகிச்சு, கொஞ்சம் பொறு" என்பான். சொல்லிவிட்டு, எல்லாரையும்விடப் பெரிய தட்டு தூக்குவதும் அவன்தான்.

நேற்று, அன்று மடியில் உட்கார்ந்த அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வந்தது. தாய்மாமன்கள் என்ற இடத்தில் முரளி பேரை முதலில் போட்டிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டி நானே படித்தேன்.

கீர்த்தனா, நான் சொல்லச் சொல்ல எழுதினது போதும். மொதல்லேர்ந்து ஒரு தடவ படி. உங்கப்பன் உள்ள சீர்த்தட்டு எண்ணிகினு கீறான், அவன் காதுல வுழற மாதிரி படி.