மூன்று முறை கூப்பிட வேண்டும்

திங்கட்கிழமை காலை பத்தேமுக்கால். சாட்சி இன்னும் வந்து சேரவில்லை. கோர்ட்டு வராந்தாவில் பிலோமி உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தாள்.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ராயபுரம் வீட்டிலிருந்து போன கணவன் பிராங்கிளின், எட்டு வருஷமாகத் திரும்பவில்லை. அவளும் வீட்டைக் காலி செய்து விம்கோ நகருக்கு வந்துவிட்டாள். ஏழு வருஷம் யாருக்கும் சேதி இல்லாதவன் இறந்தவனே என்று கோர்ட்டு சொன்னால்தான், அவளுக்கும் அவள் கட்டிக்கொள்ளப்போகும் சாலமனுக்கும் பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்.

"காணவில்லைன்னு குடுத்த பேப்பர் விளம்பரம் பார்த்து யாராவது போன் பண்ணாங்களா?" என்று கேட்டாள் வக்கீல் மகிழினி.

"ஒருத்தரு எண்ணூர்ல பாத்தாராம் மேடம். இன்னொருத்தரு சாத்தாங்காட்டுல இரும்பு ஏத்திகினு கீறாருன்னாரு. ரெண்டும் ஒரே நாளு, ஒரே நேரம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ராங் நம்பர்னு வெச்சிட்டேன்."

பிராங்கிளினின் தோஸ்து ஜெயவேல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"அவன் சாவற ஆளே இல்ல மேடம். கலீஜ் தண்ணி குடிச்சாக்கூட அவனுக்கு ஜுரம் வராது."

பிலோமி அவனைத் தூண் மறைவுக்கு இழுத்தாள்.

"நைனா, என் வாழ்க்கையே உன் வாயிலதான் கீது. இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிட்டு எறங்கிடு."

வழக்கை எடுத்தார்கள். டவாலி வாசலில் நின்று, "பிராங்கிளின்! பிராங்கிளின்! பிராங்கிளின்!" என்று கூவினார். பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள். யாரும் வரவில்லை.

ஜெயவேல் கூண்டில் ஏறினான்.

"உங்க பேரு?" என்று கேட்டார் நீதிபதி.

"தெரியாதுங்க அய்யா."

"உங்க பேரைத்தான் கேக்குறேன்."

ஜெயவேல் பிலோமியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதுவும் தெரியாதுங்க."

நீதிபதி தண்ணீர் குடித்தார். மகிழினி மன்றாடி, அதட்டி, ஒருவழியாக அவன் பெயரையும், நண்பனைப் பற்றிச் சேதியே இல்லை என்பதையும் அவன் வாயிலிருந்து பிடுங்கினாள்.

"தீர்ப்பு மதியம்" என்றார் நீதிபதி.

பிலோமி வராந்தாவுக்கு ஓடிவந்து போன் போட்டாள்.

"சாலமன், முடிஞ்ச மாதிரிதான். சாமியார்கிட்ட ஓலைக்குப் பேரு குடுத்துடு."

"பிலோமி! பிலோமி! பிலோமி!" என்று கூவினார் டவாலி.

அவள் போனைக் கையால் பொத்தினாள்.

"இன்னாண்ணே, என் கேசு இப்பதான முடிஞ்சிது?"

"இது அடுத்த கேசும்மா. மாத்தூர் பிராங்கிளின்னு ஒருத்தரு. ராயபுரத்துல இருந்த சம்சாரம் பிலோமி எட்டு வருஷமா காணோமாம், செத்துட்டதா தீர்ப்பு குடுங்கன்னு போட்டுகீறாரு. ஜட்ஜ் அய்யா காத்துகினு கீறாரு, சட்டுனு சொல்லு. நீ கீறியா, இல்லியா?"